கடைவீதிக் குறிப்புகள்: கத்தூரியும் முகப்பவுடரும்

வாசனைத் திரவியத்தை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது ஓர் இல்லத்தில் மனத்தாங்கலையே விளைவித்துவிட்டது. உத்தியோகத்தில் அமர்ந்த மகள் தன் முதற் சம்பளத்தில் தாய்க்கென ஒரு சென்ட் புட்டி வாங்கி வந்தாள். மேலட்டையில் ‘மஸ்க்’ என்றும், பவுடர் மணம் என்றும், பழங்காலத்து ஒய்யாரம் என்றும் அச்சிட்டிருந்தது. மஸ்க் என்பது கத்தூரி என்றறிந்த தாயார், மானைக் கொன்று எடுத்த பொருள் தமக்கு வேண்டா என்று தொடவும் மறுத்துவிட்டார். மகளுக்கோ பெருந்துயரம். அச்சகோதரியார் நம்மிடம் விளக்கம் கேட்டார். பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்றெண்ணி இங்கே எழுதலானேன்.

தாயாரின் அச்சம் ஆதாரமற்றதன்று. இமயமலைச் சாரலில் வாழும் ஆண் கத்தூரி மானின் அடிவயிற்றில் உள்ள ஒரு சிறு பையிலிருந்தே கத்தூரி கிடைக்கிறது. ஒரு மானிடத்தில் தேறுவது சுமார் 25 கிராம். அதற்காக வைக்கும் கண்ணியில் பெண்மானும் குட்டியும் வீணே சிக்கி மடிகின்றன.

ஆனால் கடைகளில் விற்கும் இக்காலத்து மஸ்க் சென்ட்டுக்கும் மானுக்கும் தொடர்பில்லை. 1888-ஆம் ஆண்டில் ஜெர்மன் இரசாயன அறிஞர் ஆல்பர்ட் பாவர் வெடிமருந்து ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது, தாம் ஆக்கிய பொருளொன்று கத்தூரிபோல் மணக்கக் கண்டார். செயற்கைக் கத்தூரி பிறந்த கதை இதுவே. பின்னர் 1926-இல் லியோபோல்ட் ரூசிக்கா இயற்கைக் கத்தூரியின் மணப்பொருளாகிய மஸ்கோனின் அமைப்பைக் கண்டறிந்தார். 1939-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். தாவரத்திலும் இம்மணம் உண்டு. நம் நாட்டில் விளையும் கத்தூரி வெண்டையின் விதை அத்தகையது. கத்தூரி மஞ்சளைப் பூசிக் குளிக்கும் நாம் அதில் மானைத் தேடுவதில்லை அன்றோ? மகள் தந்த புட்டியையும் அவ்வாறே கொள்ளலாம்.

பவுடர் மணம் யாது? ஐரிஸ் என்னும் பூச்செடியின் கிழங்கை உலர்த்திச் சில ஆண்டுகள் வைத்திருந்தால், அது வயலட் பூவின் சாயலில் மணக்கும். அதனையே முற்காலத்தில் மேனாட்டார் முகப்பவுடரில் சேர்த்தனர். 1893-இல் அம்மணத்தை ஒத்த அயோனோன் செயற்கையாகக் கிட்டியபின், பவுடரிலும் உதட்டுச் சாயத்திலும் அவ்வாசனை பரவிற்று. ஆகவே ஐரிஸ், வயலட், வனிலா ஆகியவை கத்தூரியோடு கூடின், பழைய நடிகையரின் ஒப்பனை மேசை நினைவுக்கு வருகிறது. 1921-இல் வெளிவந்த ‘ஷனேல் எண் 5’, 1925-இல் நம் மொகலாயத் தோட்டத்தின் பெயர் தாங்கி வந்த கெர்லேன் நிறுவனத்தின் ‘ஷாலிமார்’ ஆகியன அக்காலத்து ஒய்யாரத்துக்குப் பேர்போனவை. நம்மவர்க்கோ தகர டப்பாக் குட்டிக்குராவின் நினைவே முதலில் எழக்கூடும்!

ஒரு குறிப்பு: கத்தூரி மணம் கனமானது, மெல்லவே ஆவியாகும். சிலருடைய நாசிக்குச் சில செயற்கைக் கத்தூரிகள் எட்டுவதே இல்லை. தமக்கு மணக்கவில்லையென்று மேலும் மேலும் தெளித்துக்கொண்டு நெரிசல் வண்டியில் ஏறினால், அருகில் நிற்பவர் பாடு திண்டாட்டம். மணிக்கட்டில் ஒரு முறை தெளித்து, அரைமணி நேரம் பொறுத்து முகர்ந்து பார்த்தபின் வாங்குதல் நன்று.

இனி, எச்சரிக்கை. கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கவென்று நம் பாட்டிமார் பெட்டியில் கத்தூரி வைத்திருந்ததுண்டு. அப்பழக்கத்தை நம்பி, “மலையிலிருந்து வந்த அசல் கத்தூரி” என்று உரோமம் மூடிய பையைக் காட்டுவோரிடம் பணம் கொடாதீர்கள். அது போலியாயின் பணம் போயிற்று. அசலாயின் அதனினும் கேடு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கத்தூரி மான் இடம்பெற்றுள்ளது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைவாசம் கிட்டும். பச்சிளங் குழந்தைக்கு மருந்து வேண்டின் மருத்துவரை நாடுக. மணம் வேண்டின் கடைப் புட்டி போதும்.