பம்பை மாற்றினால் கார் கெட்டுப்போகாது

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு காருக்குப் புது டயர் போட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பேட்டரி, ஸ்பார்க் பிளக், பிரேக் லைனிங் எல்லாம் நேற்று கடையில் வாங்கியவையாக இருக்கலாம். அதெல்லாம் கணக்கில் வராது. எரிபொருள் பம்பைக் கழற்றி வேறு கம்பெனிப் பம்பைப் பொருத்தினால் மட்டும், பழைய கார்ப் பிரியர்களில் ஒரு சாரார் முகம் சுளிக்கிறார்கள். அசல் போய்விட்டது என்கிறார்கள். இந்த வழக்கு வேறெந்தக் காரையும்விட பிரிட்டனின் டிரையம்ஃப் ‘பிஐ’ (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) கார்களை வைத்துத்தான் அதிகம் நடக்கிறது. அவற்றில் இருந்த லூகாஸ் மின் பம்புக்குப் பதிலாக பாஷ் இன்ஜெக்‌ஷன் பம்பைப் பொருத்தலாமா, கூடாதா என்பது கேள்வி. சாலையில் ஓடுகிற காராக இருந்தால் பொருத்தத்தான் வேண்டும் என்பது என் கட்சி. சௌகரியத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பம்போடு மல்லுக்கட்டிச் சலித்துப்போனவர்களின் கையில்தான் இந்தக் கார்களின் அசல் பெரும்பாலும் அழிந்தது.

1967-இல் வந்த டிரையம்ஃப் டிஆர்5, பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லப்படுகிறது. ஆறு சிலிண்டர், 2498 சிசி, கம்பெனி சொன்ன கணக்கில் 150 குதிரைத் திறன். அதே இன்ஜினுக்கு கார்புரேட்டர் மாட்டி, டிஆர்250 என்ற பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்; அங்கே புகை விதிகள் கடுமையாகிக்கொண்டிருந்தன, இன்ஜெக்‌ஷன் கார் அதற்கு ஒத்துவரவில்லை. பிரிட்டனில் டிஆர்5-ஐத் தொடர்ந்து டிஆர்6 வந்தது, 2.5 பிஐ என்ற குடும்பக் காரும் வந்தது. மூன்றுக்கும் லூகாஸ் கம்பெனியின் இன்ஜெக்‌ஷன்தான். பந்தயக் களத்தில் 1950-களிலேயே ஜாகுவார் கார்களில் சோதிக்கப்பட்ட தொழில்நுட்பம் அது. பந்தயத்தில் ஒவ்வொரு காருக்கும் பின்னால் நாலு மெக்கானிக்குகள் நிற்பார்கள். வார இறுதியில் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

இந்த அமைப்பின் அழகு இன்ஜினோடு சேர்ந்து சுழலும் மீட்டரிங் யூனிட்டில் இருக்கிறது. அதன் நடுவில் ஓர் உருளை சுழல்கிறது. உருளைக்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு ஷட்டில், பெட்ரோலின் அழுத்தத்தாலேயே முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு சிலிண்டருக்கான பங்கு பிரிந்து போகும். ஷட்டில் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவு பெட்ரோல். அந்தத் தூரத்தைக் கூட்டிக் குறைப்பது, இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம். கணினி கிடையாது, சென்சார் கிடையாது. இயந்திரமே அளந்து, இயந்திரமே பங்கிடுகிறது. டிரையம்ஃப் பிஐ காரின் ஆன்மா எது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் அந்த ஆறு சிலிண்டரும் சீறுகிற சீறல் இதிலிருந்து வருவது.

இந்த நுட்பம் எல்லாம் வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை உண்டு: பெட்ரோல் ஏறக்குறைய 105 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 30 பிஎஸ்ஐ சொச்சம்; சாதாரண கார்புரேட்டர் கேட்பது இரண்டு முதல் நான்கு பிஎஸ்ஐ. அப்படியானால் இந்தப் பம்பின் மேல் எவ்வளவு பாரம் என்று ஊகித்துக்கொள்ளலாம். டிக்கிக்குள் உட்கார்ந்திருக்கும் லூகாஸ் பம்பு, பல்சக்கரங்களை ஒரு மின் மோட்டார் சுழற்றும் வகை. அந்த மோட்டார் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டாரின் வாரிசு என்று இந்தக் கார்களோடு பழகியவர்கள் சொல்வார்கள். பம்பின் சக்கரங்கள் பெட்ரோலில் நனைகின்றன. மோட்டார் மட்டும் சீல் வைத்துத் தனியாக, வறண்ட அறையில் ஓடுகிறது. ஓட ஓட அது சூடாகிறது. சூடு வெளியேற வழியில்லை. இன்ஜின் குடித்தது போக மிச்சப் பெட்ரோல் ரிலீஃப் வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பி, பிறகு மறுபடியும் அதே பம்புக்குள் வருகிறது. தொட்டி நிறைந்திருந்தால் இது பொறுக்கும். கோடைப் பகலில், கால் தொட்டி பெட்ரோலோடு, வாகன நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தால், திரும்பத் திரும்பச் சுற்றும் அந்தக் கொஞ்சப் பெட்ரோல் சூடேறி, பம்பின் வாயிலேயே ஆவியாகத் தொடங்கும். பல்சக்கரத்துக்கு நடுவில் திரவத்துக்குப் பதில் குமிழிகள். அழுத்தம் விழுகிறது, இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் கார் ஓரங்கட்டுகிறது. பம்பின் மேல் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தவர்களின் கதைகள் இங்கிலாந்தில் இன்றைக்கும் உலவுகின்றன. அம்பாசடர் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிய நம் ஊர் ஓட்டுநர்களுக்கு அந்தக் கதை புதிதாக இருக்காது.

பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியமான சாட்சி. பெரும்பாலான ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குகளுக்கு இந்த அமைப்பு பிடிபடவில்லை. கோளாறு பம்பில் இருந்தாலும் பழி மொத்த இன்ஜெக்‌ஷன் மேல் விழுந்தது. ஆகவே பலர் மீட்டரிங் யூனிட், இன்ஜெக்டர், குழாய்கள் என அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு கார்புரேட்டர் மாட்டிக்கொண்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். டிரையம்ஃப் கம்பெனியே அதைத்தான் செய்தது: 2.5 பிஐ குடும்பக் காருக்குப் பதிலாக 1975-இல் வந்த 2500 எஸ் இரண்டு கார்புரேட்டரோடு வந்தது. டிஆர்5-இல் 150 குதிரைத் திறன் என்று பெருமையடித்த இன்ஜினிலிருந்து, அந்தப் பெருமைக்குக் காரணமான பாகமே போய்ச் சேர்ந்தது. பலவீனமான ஒரு துணைக்கருவிக்காக முக்கியமான கருவியைப் பலி கொடுத்தார்கள். இன்று லூகாஸ் பம்பைத் தொடாதே என்று சொல்கிறவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். வழியில் ஏழெட்டு முறை நின்றுபோன காரை உரிமையாளர் பக்தியோடு வைத்துக்கொள்ள மாட்டார். ஒன்று, ஷெட்டில் போட்டுப் பூட்டுவார். அல்லது கார்புரேட்டருக்குத் தாவுவார்.

பாஷ் பம்பு இந்த நோயை எப்படித் தீர்க்கிறது? 1970-களிலிருந்து ஐரோப்பியக் கார்களில் லட்சக்கணக்கில் ஓடிய வகை அது. அதில் பெட்ரோல் மோட்டாரைச் சுற்றியே பாய்ந்து போகிறது. போகிற போக்கில் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. எரிபொருளுக்குள் மின்மோட்டாரா என்று திகைக்க வேண்டாம். உள்ளே காற்று இல்லாததால் பற்றிக்கொள்ள வழியில்லை, இன்றைய கார்களிலும் அப்படித்தான். ஆனால் வாங்கி மாட்டினால் முடிந்தது என்று நினைப்பவர் ஏமாறுவார். இந்தப் பம்பு லூகாஸைவிட அதிக கரண்ட் இழுக்கும். அரை நூற்றாண்டுப் பழைய மெல்லிய வயரும் துருவேறிய கனெக்டரும் அதைத் தாங்காது. பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தாலும் டிக்கி வரை போய்ச் சேருவதற்குள் ஒரு வோல்டுக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஆகவே பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்த தடித்த வயர் தனியாக வர வேண்டும். பழைய வயர் ரிலேயை இயக்கினால் போதும். தூசி இந்தப் பம்புக்கு ஆகாது, அதனால் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு ஃபில்டர் வேண்டும். அதுவும் வழியை நெருக்காத பெரிய துளை ஃபில்டராக இருக்க வேண்டும், இல்லையென்றால் உறிஞ்ச முடியாமல் இதுவும் குமிழி விடும். பம்பு தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே இருப்பது உத்தமம். 105 பிஎஸ்ஐ தாங்குகிற, எத்தனாலில் கரையாத ஹோஸ் போட வேண்டும். விபத்தில் கரண்டைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் கட்டாயம். உடைந்த குழாயில் இந்த அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மறுதரப்பு சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. லூகாஸ் பம்பை நன்றாகச் சீர்செய்து தரும் நிபுணர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். திரும்பிவரும் பெட்ரோலை மோட்டார் மேல் சுருளாக ஓடவிட்டுக் குளிர்விக்கும் வழியும் அன்றே இருந்தது. குளிர்ந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பத்து மைல் போய்த் திரும்பும் கார், கண்காட்சியில் மதிப்பெண்ணுக்கு நிற்கும் கார் ஆகியவற்றுக்கு அது போதும். அவர்கள் மாற்றத் தேவையில்லை. நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு அந்த வைத்தியம் சூட்டைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கேள்வி வரும்: பம்பை மாற்றலாம் என்றால் கணினியால் இயங்கும் முழு எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனையே போட்டுவிடலாமே, பெட்ரோலும் மிச்சமாகும், புகையும் குறையும்? இதற்குத்தான் எல்லை தேவைப்படுகிறது. மீட்டரிங் யூனிட்டை எடுத்துவிட்டால் இந்தக் காரில் மிஞ்சுவது அழகான தகரக் கூடும் ஒரு நல்ல இன்ஜினும். பம்பு பெட்ரோலைத் தள்ளுகிறது. எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்வது மீட்டரிங் யூனிட். முடிவு செய்யும் பாகத்தைத் தொடக் கூடாது. தள்ளும் பாகத்தை மாற்றலாம். இந்தக் கோட்டை எல்லாக் காரிலும் இவ்வளவு தெளிவாகப் போட முடியாது என்பது உண்மை. இந்தக் காரில் முடிகிறது.

உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும் கிட்டத்தட்ட இதே மனப்போக்கில்தான் இருக்கிறது. பிற்காலத்துப் பாகம் தேவைப்பட்டால் அது கண்ணை உறுத்தாமல், திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். எடுத்த அசல் பாகத்தைக் காரோடு பத்திரப்படுத்த வேண்டும் என்பது அதன் அறிவுரை. பாஷ் பம்பு இதற்கு எளிதாகப் பொருந்துகிறது. பழைய போல்ட் துளையிலேயே ஒரு பிளேட் வைத்துப் பொருத்தலாம், உடலில் புதுத் துளை போட வேண்டியதில்லை. ஒரு பிற்பகலில் பழையபடி மாற்றிவிடலாம். பிரிட்டிஷ் அரசும் 2018 மே முதல் நாற்பது வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு கொடுத்தபோது, பெருமளவு மாற்றப்பட்ட கார்களுக்கு அது கிடையாது என்றது. பெருமளவு என்பதற்கு அவர்கள் பார்ப்பது சேஸிஸ், பாடி, ஆக்ஸில், இன்ஜின் ஆகியவற்றை. எரிபொருள் பம்பு அந்தப் பட்டியலில் இல்லை.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி இப்போது ஏட்டளவில் நிற்கவில்லை. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயதைத் தாண்டி, அசல் வடிவம் மாறாமல், பெரிய மாற்றங்களுக்கு உள்ளாகாத வாகனத்துக்கு ‘விஏ’ எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் என்பதே அந்த விதியின் கவலை. இன்ஜினுக்கு வெளியே, டிக்கியில் இருக்கும் பம்பை ‘இன்ஜின் மாற்றம்’ என்று ஓர் அதிகாரி வாசித்துவிட்டால் என்ன செய்வது? இது வெளிநாட்டுக் கார்களின் கவலை மட்டுமல்ல; டிரையம்ஃபுக்கும் சென்னைக்கும் உறவு உண்டு. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி டிரையம்ஃப் ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று தயாரித்தது. அவை கார்புரேட்டர் கார்கள், பிஐ இங்கே தயாரிக்கப்படவில்லை. ஆனால் ஹெரால்டுக்கும் பத்மினிக்கும் அம்பாசடருக்கும் சூட்டில் பெட்ரோல் ஆவியாகும் தொல்லை உண்டு. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் பதம் பார்க்கிறது. ஆகவே இங்கேயும் பலர் மின் பம்புக்குப் போகிறார்கள், போவார்கள். அதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது: கடையில் கைக்குக் கிடைத்த இன்ஜெக்‌ஷன் பம்பைக் கார்புரேட்டர் காருக்கு மாட்டினால், மூன்று பிஎஸ்ஐ தாங்கும் நீடில் வால்வு அதன் அழுத்தத்தைத் தடுக்க முடியாமல் பெட்ரோல் வழிந்து சூடான இன்ஜின் மேல் கொட்டும். கார்புரேட்டருக்கு வேண்டியது குறைந்த அழுத்தத்து மின் பம்பு, அல்லது அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர்.

பதிவு அலுவலகங்கள் பழைய கார்களைப் பரிசோதிக்கும்போது பம்பின் மேல் எந்தக் கம்பெனிப் பெயர் இருக்கிறது என்று தேடுவதில் பொருளில்லை. அந்தக் காரின் எரிபொருள் அமைப்புக்கு ஏற்ற அழுத்தத்தில் பம்பு இருக்கிறதா, ஹோஸ் அதைத் தாங்குமா, பியூஸும் ரிலேயும் இருக்கின்றனவா, விபத்தில் கரண்ட் துண்டிக்கப்படுமா, கழற்றிய பழைய பம்பு உரிமையாளரிடம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த விவரத்தைப் பதிவிலும் எழுதி வைக்கலாம். தமிழக அரசு இதற்குத் தனிச் சட்டம் எதுவும் இயற்ற வேண்டியதில்லை. போக்குவரத்துத் துறையின் ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.