உப்புப் பெட்டியில் மருந்து

வீட்டுப் பசுவுக்குப் பிண்ணாக்கும் தவிடும் வாளியிற் கரைத்து வைக்கும் இல்லத்தாள், அதில் ஒரு பிடி உப்பு இடவும் மறப்பதில்லை. பசு எவ்வளவு குடித்தது, எவ்வளவு மிச்சம் விட்டது என்பதையும் அவள் கண்ணாரக் காண்கிறாள். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மந்தைகளின் நிலை வேறு. அங்கே நூற்றுக்கணக்கான மாடுகள் பரந்த புல்வெளியிலே மாதக்கணக்காகத் தாமே மேய்கின்றன. அவை எதற்காக வளர்க்கப்படுகின்றன என்பது எம்போன்றோருக்கு உவப்பான செய்தியன்று. எனினும் அவற்றுக்கு மருந்தூட்டும் முறை அறிந்துகொள்ளத் தக்கது.

மண்ணிலே குறைந்தது புல்லிலும் குறையும். பொசுபரசு, செம்பு, நாகம் முதலியவை போதாத நிலங்கள் பல. ஆகவே இவற்றைப் பொடியாக்கி உப்புடன் கலந்து, மழை படாத பெட்டியில் இட்டு வெளியிலே வைக்கின்றனர். உப்பின்மேல் உள்ள வேட்கையினால் மாடு தானே தேடி வந்து நக்குகிறது. நாளொன்றுக்கு மாடொன்று 2 முதல் 4 அவுன்ஸ் வரை உட்கொள்ள வேண்டுமென்பது கணக்கு. மிகுதியாகத் தின்றால் உப்பைக் கூட்டுவர். கரிப்பு மிகவே மாடு நாவை அடக்கிக்கொள்ளும். குறைவாகத் தின்றால் சீனி ஆலையில் மிஞ்சும் பாகை உலர்த்திச் சேர்ப்பர்; அல்லது பெட்டியை நீர்நிலைக்கு அண்மையில் நகர்த்துவர்.

ஆனால் இக்கணக்கு மந்தை முழுவதற்கும் உரிய சராசரியே. பலம் மிக்க பசு பெட்டியை மறித்து நின்று தன் பங்குக்கு மேலும் தின்னும். இளைத்தது ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். (வகுப்பறையிலும் நாம் இதைக் கண்டதுண்டு.) வெறும் உப்பாயின் இதனாற் பெருங்கேடில்லை. வேறு பொருள்களை அதிற் கலக்கும்போதே சிக்கல் தொடங்குகிறது.

இளவேனிலிற் செழித்தெழும் பசும்புல்லில் மகனீசியம் குறைவு. அதனை உடல் ஏற்காமல் தடுக்கும் பொற்றாசியமோ மிகுதி. கன்றீன்று பால் சுரக்கும் பசு திடீரென நடுங்கி விழுந்து, சில மணி நேரத்தில் இறந்தும் போகும். தடுப்பதற்கு மகனீசியம் ஒட்சைட்டைக் கலப்பர். அதுவோ மாட்டின் நாவுக்குப் பிடிக்காத பொருள். உடலும் அதனை வேண்டியபோது விரைந்து எடுத்தாளத்தக்கவாறு சேமித்து வைப்பதில்லை. எது நாள்தோறும் தேவையோ அதையே மாடு ஒதுக்குகிறது.

கொம்பு ஈயை ஒழிக்கும் உபாயம் எமக்கு மிகவும் பிடித்தது. மாட்டின் முதுகில் மொய்த்து நாளுக்கு 20, 30 தடவை குருதி குடிக்கும் இவ்வீ, புதுச் சாணத்தில் முட்டையிடுகிறது. உப்பிற் கலந்த மெதோப்பிரீன் என்னும் பொருள் குடல்வழியே சாணத்தை அடைந்து, அங்குள்ள புழு ஈயாக மாறுவதைத் தடுத்துவிடுகிறது. ஆயினும் அயற் பண்ணைக்காரன் இதனைச் செய்யாவிடின் அவனுடைய ஈக்கள் வேலி தாண்டி வரும்.

குளோர்தெத்திராசைக்கிளீன் விடயம் இவ்வளவு எளிதன்று. அனாபிளாஸ்மா என்னும் பற்றீரியா மாட்டின் செங்குருதிக் கலங்களைத் தாக்குகிறது. உண்ணியும் கடிக்கும் ஈயும் ஒரு மாட்டுக்கு இட்டு மறுமாட்டுக்கும் இடும் ஊசியும் அதனைப் பரப்புகின்றன. அதனை அடக்கவே இம்மருந்தை உப்பிற் கலந்தனர். நோயுற்ற மாடோ பசியிழந்து பெட்டியருகே வருவதே குறைவு. அரைகுறையாக மருந்துண்ட மாட்டின் உடலில் மருந்துக்கு அஞ்சாத பற்றீரியாக்கள் தலையெடுக்கின்றன. மனிதருக்குக் கொடுக்கும் மருந்துகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 2017 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் மிருக வைத்தியரின் எழுத்தாணையின்றி இதனைத் தீனியிற் கலத்தலாகாது.

மொனென்சினுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. 1967 இல் அறியப்பட்ட இதனை மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் ஆக்குகிறது. மாட்டின் முதலிரைப்பையிலே சிலவகைப் பற்றீரியாக்களை இது ஒடுக்குவதால் மெதேன் வாயுவாக வீணாகும் சக்தி குறைகிறது. அதே புல்லைத் தின்று மாடு கூடுதலாகப் பருக்கிறது. எடை கூட்டுவதற்காக இத்தகைய நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீனியில் இடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் அறவே தடுத்துவிட்டது. மனிதருக்குக் கொடுக்கப்படாத மருந்தாதலால் தடை வேண்டாமென்பது அமெரிக்கர் வாதம். இதனை நாம் முற்றாக ஒதுக்கவில்லை. குதிரையை நினைக்கும்போதே தயங்குகிறோம்.

புல்வெளியில் மேயும் மாடொன்றுக்கு நாளைக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரை மொனென்சின் கொடுக்கின்றனர். குதிரைக்கோ உடலெடையில் கிலோகிராம் ஒன்றுக்கு 2 அல்லது 3 மில்லிகிராம் சென்றாலே உயிராபத்து. மாடு அதனிற் பத்து மடங்கு வரையும் தாங்கக்கூடும். நஞ்சு குதிரையின் இதயத் தசையை அழிக்கிறது. மாற்று மருந்து கிடையாது. அப்பண்ணைகளில் மந்தையை ஓட்டுபவன் ஏறிச் செல்வது குதிரையில். அதற்கும் உப்பென்றால் ஆசை. மருந்துப் பையின்மேல் எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது. எனினும் சேணத்தைக் கழற்றிக் குதிரையை எந்த வெளியில் விடுவது என்பதை மாலைதோறும் நினைவில் வைத்திருப்பவன் ஒரு மனிதனே. விவரமறிந்தோர் குதிரை நிற்கும் வெளியில் இம்மருந்தைப் புழங்குவதேயில்லை. பெட்டியை நன்றாகக் கழுவிய பின்னரே குதிரையை உள்ளே விடுகின்றனர்.