“சாம்பியன் செட்” என்று நம்மட புள்ளைகளின் தலையில் கட்டாதீர்கள்



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள். ஆனால் வீட்டில் விண்ட் சேர்பிங் பைத்தியம் பிடித்த புள்ளை ஒன்று இருந்தால் இன்றைக்கே வாசியுங்கள்.

பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போன நம்மட பொடியன்கள் சிலர் அங்கேயே பாய்ப்பலகை ஓடப் பழகிவிட்டார்கள். நல்ல விஷயம். போகவும் வரவும் தெரியும், திருப்பத் தெரியும், இடுப்பில் ஹார்னஸ் மாட்டி ஓடவும் தெரியும். ஆரம்பக்காரன் இல்லை, வீரனும் இல்லை. அந்த இடைநடுவில் நிற்கிறவனைத்தான் வியாபாரிகள் குறிவைக்கிறார்கள். ஆரம்பக்காரன் பயந்து பத்துப் பேரிடம் கேட்பான். வீரன் அளவு பார்த்து வாங்குவான். இவன் படத்தைப் பார்த்து வாங்குவான்.

என்னிடம் படித்த புள்ளை ஒருவன் அப்படித்தான் வாங்கினான். உம்மாட வளையல் அடகுக்குப் போனது. வட்சப்பில் வந்த நாலு படம், “உலக சாம்பியன்மார் பாவிக்கிற செட் தம்பி, இந்த விலைக்கு இனிக் கிடைக்காது” என்று ஒரு குரல் பதிவு. அவ்வளவுதான். வந்து இறங்கியது 75 லீற்றர் பலகை, 7.8 சதுர மீற்றர் ரேஸ் பாய், 400 சென்றிமீற்றர் பாய்மரம். மூன்றும் தனித்தனியே நல்ல சாமான். ஒன்றோடு ஒன்று சேராது. அந்தப் பாய்க்கு அந்த மரம் எட்டாது. அந்தப் பலகைக்கு அந்தப் பாய் பொருந்தாது. மூன்றில் ஒன்றுகூட அவனுக்குப் பொருந்தாது.

பொருந்தாது என்று சொல்ல உலக சாம்பியன் வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புப் புள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆர்க்கிமிடீஸ் போதும். பலகையின் ஒரு லீற்றர் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். பொடியன் 65 கிலோ. பலகை 7 கிலோ, பாய், மரம், பூம் எல்லாம் சேர்த்து ஒரு 9 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 81. பலகை 75. நின்ற இடத்திலேயே தாழும்! வேகம் பிடித்தால் தண்ணீருக்கு மேல் ஏறி ஓடும், உண்மை. ஆனால் அதற்குப் பலத்த காற்று விடாமல் அடிக்க வேண்டும், ஓடத் தொடங்கும் வித்தையும் தெரிய வேண்டும். காற்று விழுந்த நிமிடம் முழங்கால் வரை தண்ணீர், பாயைத் தூக்கி எழுப்ப நிற்க இடமில்லை.

இடைநிலைக்காரன் தன் எடையோடு குறைந்தது 40 லீற்றராவது கூட்டிப் பார்க்க வேண்டும். நம்மட விட்டுவிட்டு அடிக்கிற காற்றுக்கு 60, 70 கூட்டினாலும் தவறில்லை. 65 கிலோக்காரனுக்கு 125 முதல் 135 வரை. “பெரிய பலகை சின்னப் புள்ளைகளுக்கு” என்று சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவன் கரையில் நின்றுதானே சிரிக்கிறான்.

பாய்க்கும் ஒரு கணக்கு உண்டு. உங்கள் எடையை 1.4 ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தை நொட்டில் எடுத்து வகுத்துப் பாருங்கள். 65 கிலோ, 15 நொட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீற்றர்) என்றால் 6 சதுர மீற்றர். 18 நொட்டுக்கு 5. 12 நொட்டுக்கு ஏழரை. கையில் காசு குறைவென்றால் முதலில் 6.0 ஒன்று போதும், அடுத்த வருடம் 5.0 ஒன்று. 7.8 ரேஸ் பாய் என்பது வேறு சாதி. மரம் நுழைகிற உறை அகலம், உள்ளே பாயை வளைத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் துண்டுகள். விழுந்தால் அந்த உறை தண்ணீரைக் குடிக்கும். பிறகு தூக்கிப் பாருங்கள், நனைந்த மெத்தையைக் கிணற்றில் இருந்து இழுக்கிற மாதிரி இருக்கும்.

பாய்மரம் வாங்குகிறபோது பாயின் அடியில் அச்சிட்டிருப்பதை முதலில் வாசியுங்கள். எத்தனை சென்றிமீற்றர் மரம், பூம் எவ்வளவு நீளம் என்று அதிலேயே இருக்கும். 6.0 அளவுப் பாய்க்குப் பெரும்பாலும் 430 மரம். மரத்தில் தடித்தது, மெல்லியது என்று இரண்டு வகை உண்டு. ஒன்றின் அடித்துண்டு மற்றதற்குள் போகாது. கார்பன் 100 வீதம் என்று விலையை ஏற்றுவார்கள், நமக்கு 30, 40 வீதமே தாராளம். பழைய பாயின் கண்ணாடித் தாள் வெயிலில் மஞ்சளாகி, விரலால் மடித்தால் நொறுங்குகிற சத்தம் கேட்டால், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

இனி நம்மட தண்ணீருக்கு வருவோம். யூடியூப்பில் பார்க்கிறது ஹவாய். கொஞ்சம் கிட்ட வந்தால் கற்பிட்டி. அங்கே அடிக்கிற காற்று வேறு, அங்கே கைட் ஓடுகிற கூட்டம் வேறு. நமக்கு அல்லாஹ் தந்தது 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற, ஆழம் குறைந்த ஒரு வாவி. ஆற்றங்கரை என்றுதான் நாம் சொல்வோம். கச்சான் காலத்தில் (வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை) காற்று மேற்கிலிருந்து வருகிறது. காத்தான்குடி, ஆரையம்பதி ஆற்றங்கரையில் நின்றால் தண்ணீரைத் தாண்டி நம் முகத்தில் அடிக்கும். பாய் கிழிந்தாலும் மரம் முறிந்தாலும் காற்றே நம்மைக் கரைக்குத் தள்ளிவரும். அதே கச்சான் கடற்கரையில் முதுகில் அடிக்கும், கடலுக்குள் தள்ளும். பின்னேரம் கடற்காற்று திரும்பினால் வாவியில் நிலைமை மாறும், சரிதான். ஆனால் வாவியில் பிழைத்துப்போனால் படுவான்கரையில் ஏறி ஓட்டோ பிடித்து வரலாம். கடலில் பிழைத்துப்போனால் வங்காள விரிகுடா. இதைத் தெரிந்துகொண்டே “கடலில் ஓடினால்தான் ஆம்பிளை” என்று பொடியன்களை உசுப்பேற்றுகிறவர்களை என்னவென்று சொல்வது?

ஆகவே வாங்குகிற பலகைக்கு நடுவில் இறக்கி ஏற்றுகிற டாகர்போர்ட் இருக்க வேண்டும். காற்று குறைந்தாலும் அதை இறக்கிவிட்டுக் காற்றுக்கு எதிராக ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். ஆழம் குறைந்த இடத்தில் மடித்துக்கொள்ளலாம். பின்பக்க ஃபின் குட்டையாக, பின்னோக்கிச் சரிந்ததாக இருந்தால் பாசியும் ஆற்றுவாழையும் சிக்காது, மீனவரின் வலையும் அறுபடாது. வலை அறுந்தால் அது ஒரு குடும்பத்தின் இரவுச் சோறு. வலை கிடக்கிற பக்கம், முதலை படுக்கிற பக்கம், இரண்டையும் தோணிக்காரரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

இப்போது ஃபொயில் என்று புதுமோகம் ஒன்று வந்திருக்கிறது. பலகையின் அடியில் ஒரு மீற்றர் அளவுக்குக் கம்பும் இறக்கையும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதில்தான் ஓடினார்கள். நம்மட ஆற்றில் அதை இறக்கினால் சேற்றை உழலாம். “சாம்பியன் செட்” என்றே ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1996, 2000, 2004 மூன்று ஒலிம்பிக்கிலும் ஓடியது மிஸ்ட்ரல் ஒன் டிசைன். மூன்றேமுக்கால் மீற்றர் நீளம், டாகர்போர்ட் உண்டு, சின்னக் காற்றிலும் நகரும். அந்த மாதிரிப் பழைய நீளப் பலகையை இன்றைக்கு ஹோட்டல் பின்புறத்தில் கோழிக்கூட்டுக்கு மேல் கூரையாகப் போட்டிருப்பார்கள். கேட்டால் மலிவாகத் தருவார்கள். 7.4 பாயை விட்டுவிட்டு 6.0 பாயைப் பூட்டினால் கச்சானுக்கு அதுவே அருமையான சாமான்.

பழையது வாங்குகிறபோது பலகையை வெயிலில் தட்டிப் பாருங்கள். கால் வைக்கிற இடம் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, தூக்கினாலும் பாரம் தெரியும். சின்ன வெடிப்பு பரவாயில்லை, நம்மட ஊரில் பைபர் வள்ளம் ஒட்டுகிற கைகாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் கவனம்! வள்ளத்துக்குப் பூசுகிற பொலியெஸ்டர் ரெசின் பலகைக்குள் இருக்கிற ரெஜிபோமைக் கரைத்துவிடும். எபொக்சிதான் பூச வேண்டும். இதைச் சொல்லாமல் பலகையை ஒப்படைத்தால் திரும்பி வருகிறபோது உள்ளே பொக்கையாக இருக்கும்.

புதுசு வாங்கினால் இந்தத் தலையிடி இல்லையே என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் புதுப் பலகை ஒன்று மட்டும் 1500 யூரோவைத் தாண்டுகிறது. 2022 இல் டொலர் 200 இலிருந்து 360 ரூபாவுக்குப் பாய்ந்த பிறகு அந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்க்கவே கூடாது. லீசிங் எடுத்து விளையாட்டுச் சாமான் வாங்குகிற ஊராக நாம் மாற வேண்டாம்.

நம்மட விளையாட்டுக் கழகங்களிடமும் ஒரு கேள்வி. ஒரு இரவு சொஃப்ட்போல் சுற்றுப்போட்டிக்கு லைட், பந்தல், பெனர், ஆளுயரக் கிண்ணம் என்று எவ்வளவு செலவழிக்கிறீர்கள்? கிரிக்கெட்டுக்கு நான் எதிரி இல்லை, பாடசாலை அணியைக் கூட்டிக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் நாலு பொடியன்கள் நாலு வீட்டு நகையை அடகு வைத்து நாலு பிழையான செட் வாங்குகிறார்கள். அந்த ஒரு கிண்ணக் காசில் கழகத்தின் பெயரில் பழைய பலகை ஒன்று, பாய் இரண்டு, மரம் ஒன்று வாங்கி முறைவைத்து ஓடலாம். வாவி நம்மட, காற்று நம்மட, அதில் ஓடுகிறவன் மட்டும் எப்போதும் வெள்ளைக்காரனாகவே இருக்க வேண்டுமா?

கழகம் வாங்கினாலும் தனியாள் வாங்கினாலும் முதல் காசு லைஃப் ஜாக்கெட்டுக்கு. இடுப்பு ஹார்னஸ் கொக்கிக்கு மேலே நிற்கிற குட்டை ஜாக்கெட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். “எனக்கு நீந்தத் தெரியும் சேர்” என்கிறவனுக்கு என் பதில்: மரம் தலையில் விழுந்து மயங்கினால் நீச்சல் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுதான். ஜாக்கெட்டுக்குக் காசில்லை என்றால் பாய்க்கும் காசில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செட் வாங்க முன்பணம் கட்டப் போகிறவர்கள், பாயின் அடியில் இருக்கிற எழுத்தையும் பலகையின் லீற்றர் எழுதிய இடத்தையும் தெளிவாகப் படமெடுத்து, உங்கள் எடையையும் எழுதி இன்பொக்ஸில் அனுப்புங்கள். இஷாவுக்குப் பிறகு பார்த்துப் பதில் போடுகிறேன். விற்கிறவர் அந்த இரண்டு படத்தையும் தர மறுத்தால் எனக்கு அனுப்பவே தேவையில்லை.