விடை எழுதும் பிள்ளைகள் வினா எழுப்புவது எப்போது?

2010 டிசம்பரில் பிரிட்டனின் ரோயல் சொசைட்டி வெளியிடும் 'பயோலஜி லெட்டர்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் பிளாக்கோட்டன் கிராமப் பாடசாலையின் 8 முதல் 10 வயதான 25 மாணவர்கள். நரம்பியல் விஞ்ஞானி போ லொட்டோ வழிகாட்டினார், கேள்விகள் மாணவர்களுடையவை. எந்தப் பூவை நாடுவது என்பதை, நிறத்தோடு நிறங்கள் அமைந்துள்ள ஒழுங்கையும் கற்றே தேனீக்கள் தீர்மானிக்கின்றன எனக் கண்டறிந்தார்கள். படங்களை வர்ணப் பென்சில்களால் வரைந்தார்கள்.

அதே வயதில் நமது பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் கடந்தகால வினாத்தாள்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். மருத்துவபீடக் கனவு காணும் பெற்றோரும் பாடசாலைகளும் சிந்திக்க வேண்டும். ஒரு கேள்வி, ஓர் அவதானிப்பு, சொந்தத் தமிழில் பத்து வரிகள். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. பிள்ளையின் கேள்விக்குக் காது கொடுக்கும் ஓர் ஆசிரியர் போதும்.