கல்வராயன் மலை இடுகாடுகளுக்கு ஒரு பதிவேடு எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் அடக்கமான ஒரு சிப்பாயின் பேரன், லண்டனில் உட்கார்ந்தபடியே தாத்தாவின் பெயரைத் தட்டினால் போதும். எந்த வரிசை, எத்தனையாவது கல்லறை என்பது வரை வந்துவிடும். 1917ல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இப்படிச் சுமார் 17 லட்சம் பெயர்களைக் காத்து வருகிறது. அதற்கும் முன்பே, 1905ல், ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை மாவட்டவாரியாகத் தொகுத்தார். அச்சிட்டது அரசு அச்சகம். எங்கள் கல்வராயன் மலை உள்ள கள்ளக்குறிச்சி அன்று இருந்த தென்னார்க்காடும் அதில் உண்டு. ஆனால் கல்வெட்டு வைக்க வசதியில்லாத மலைக்காரர்கள் அந்த நூலில் எப்படி வருவார்கள்?

போனது போகட்டும், இன்றைய நிலை என்ன?

மலையில் ஒருவர் இறந்தால் 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். அந்தப் படிவத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தால் தெரியும். இறந்தவர் பீடி, சிகரெட் பிடித்தாரா, புகையிலை போட்டாரா, பாக்கு மென்றாரா, குடித்தாரா, எத்தனை வருடமாக என்றெல்லாம் கேட்கிறது. எங்கே புதைத்தீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. பதிவைத் தவறவிட்டு ஓராண்டு கடந்துவிட்டால் மேலதிகாரியின் உத்தரவு வேண்டும். அதற்காக மலையிறங்கி அலைவதற்குள் கூலி போய்விடும் என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

புதைத்த இடத்தைப் பதிவதைப் பாசம், சடங்கு சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்குவதுதான் தவறு. இது நிலத்தின் விஷயம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வாழ்வதைப் பழங்குடியினர் காட்ட வேண்டும். அதற்கான விதிகள் ஏற்கும் சான்றுகளில் இடுகாடு உண்டு, பழைய கிணறு உண்டு, வம்சாவளி உண்டு, ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் உண்டு. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியில் 1976 வரை கிடந்த மலை இது. இங்கே பாட்டன் பெயரில் பத்திரம் கேட்டால் யாரிடம் இருக்கும்? கொல்லையோரம் தலைமாட்டில் நட்ட கல்தான் பத்திரம். அந்தக் கல் யாருடையது என்று சொல்லத் தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போனபின், விதியில் இடுகாடு சான்று என்று எழுதியிருந்து யாருக்கு லாபம்?

2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, இனி விழுப்புரத்துக்கு ஓட வேண்டாம் என்று மகிழ்ந்தவர்கள் மலைமக்களும்தான். மாவட்ட நிர்வாகம் அவர்களுக்குச் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு பக்கத்து ஊர்களில் கிராம சபை கூடும் நாளில் முதியவர்களை உட்காரவைத்து, எந்த இடுகாட்டில் எந்தக் குடும்பத்தார், எந்தத் தலைமுறை முதல் அடக்கமாகியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதலாம். சர்வே எண்ணைக் குறித்து, ஊர்க்கவுண்டரின் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ஒரு படியை ஊராட்சியிலும் மற்றொரு படியை வன உரிமைக் குழுவிடமும் வைக்கலாம். இறப்புப் படிவத்தில் அடக்க இடத்துக்கு ஒரு வரி சேர்க்கும்படி அரசுக்கும் ஆட்சியர் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கள்ளக்குறிச்சி.