பத்தாவது ஆண்டில் அந்தப் பச்சை எங்கே போகும்?

செயற்கைப் புல் இலங்கையின் சிறு நகரங்களுக்கும் பழகிப்போன பொருளாகிவிட்டது. மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடப்படும் உதைபந்தாட்டத் திடல்களிலும், உணவகங்களின் முன்றில்களிலும், சுற்றுலா விடுதிகளிலும் அது விரிந்து கிடக்கிறது. கற்பிட்டி முதல் சிலாபம் வரையான கரையில் சுற்றுலா வளர வளர அதன் தேவையும் வளரும். விற்பவர்கள் சொல்லும் காரணம் எளிது: தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், ஆகவே சூழலுக்கு நல்லது. இந்த 'ஆகவே'தான் இடறுகிறது. விரிக்கும் நாளை மட்டும் பார்த்து ஒரு பொருளுக்குச் சூழல் நற்சான்று கொடுக்க முடியாது. எட்டு, பத்து ஆண்டுகளில் அதைச் சுருட்டி எடுக்கும் நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேறு மாவட்டங்கள் இதை மறந்தாலும் மறக்கலாம். புத்தளம் மறக்க முடியாது.

ஏனென்றால், பிறர் பயன்படுத்தி முடித்தவை வந்து சேரும் இடமாக இந்தக் கரை ஏற்கெனவே ஆக்கப்பட்டுவிட்டது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்ட பின், கொழும்பின் குப்பையைப் புத்தளத்துக்கு அனுப்பும் திட்டம் வேகம் பெற்றது. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய அருவக்காட்டுக் குழிகள் அதற்குத் தெரிவாயின. மக்கள் மாதக்கணக்கில் போராடியும் 2019 ஓகஸ்டில் குப்பை வந்து இறங்கியது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது, அதிலிருந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்து, நீர்கொழும்பைத் தாண்டி இந்தக் கரைகளிலும் ஒதுங்கின. அந்தக் கப்பலுக்காவது உரிமையாளர் இருந்தார். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு விதிக்க ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு ஊர் விரிக்கப்பட்ட பச்சைக் கம்பளங்கள் நைந்து உதிரும்போது யார் மீது வழக்குப் போடுவது?

உதிர்வது என்பது மிகைப்படுத்தல் அல்ல. இக்காலத் திடல்களின் இழைகள் பெரும்பாலும் பொலிஎதிலீன். அவை நிமிர்ந்து நிற்க மணலும், விழுந்தால் அடிபடாமலிருக்கப் பழைய டயர்களை அரைத்த இறப்பர்த் துணிக்கைகளும் இடையில் கொட்டப்படுகின்றன. முழு அளவிலான திடல் ஒன்றுக்கு இந்தத் துணிக்கை 100 தொன்னுக்கு மேல் வேண்டும். சப்பாத்தில் ஒட்டிக்கொண்டும் மழைநீரோடு வடிகானில் இறங்கியும் அவை வெளியேறியபடியே இருக்கும். ஐரோப்பாவில் ஆண்டுக்கு 16,000 தொன் வரை இப்படிச் சூழலில் கலப்பதாக ஐரோப்பிய இரசாயன முகவரகம் மதிப்பிட்டது. அதைத் தொடர்ந்து 2023இல் வந்த விதி, 2031 ஒக்டோபருக்குப் பின் இவ்வகைத் துணிக்கைகளின் விற்பனையைத் தடுக்கிறது. அங்கே கதவு மூடினால் சரக்கு வேறு சந்தை தேடும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அலங்காரத்துக்கு விரிக்கும் புல்லில் இறப்பர் இல்லையே என்று சிலர் சொல்வர். இழை இருக்கிறதே! பார்சலோனாக் கடலோரத்திலும் குவாதல்கிவிர் ஆற்றிலும் நீரின் மேற்பரப்பில் மிதந்தவற்றை ஆராய்ந்த ஸ்பானிய ஆய்வொன்று, 5 மில்லிமீற்றரை விடப் பெரிய பிளாஸ்டிக் துண்டுகளில் 15 சதவீதத்துக்கு மேல் செயற்கைப் புல் இழைகளே என்று 2023இல் அறிவித்தது. இங்கோ உப்பு விளைவிக்கும் வெயில். மாதக்கணக்கில் ஓயாத சோளகக் காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இழை நொறுங்கவும் நீரில் விழவும் இதைவிட வசதியான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதற்கு எதிரான முதல் வாதம் தண்ணீர். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கற்பிட்டிக் குடாநாட்டின் நன்னீர், மணலுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம். தோட்டங்களுக்கு இறைப்பதும் அந்தக் கிணறுகளிலிருந்துதான். அங்கே இடும் உரம் மணலூடே இறங்கி, கிணற்று நீரில் நைத்திரேற்றுப் பிரச்சினையை உண்டாக்கியிருக்கிறது. ஆகவே பசளை போட்டு, நாளும் நீர் தெளித்து வளர்க்கும் புல்தரையும் இந்த மண்ணுக்கு ஒவ்வாது. ஆனால் செயற்கைப் புல்லுக்குத் தண்ணீரே வேண்டாம் என்பது பாதி உண்மை. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் அளந்தபோது, காற்றின் வெப்பம் 37 பாகை செல்சியஸாக இருந்த நாளில் செயற்கைத் திடலின் மேற்பரப்பு 93 பாகையைத் தொட்டது. பக்கத்திலிருந்த தார்த்தரையைவிடவும் அதிகம். நீர் தெளித்தால் குளிரும், ஆனால் இருபது நிமிடத்தில் வெப்பம் பெருமளவு திரும்பிவிடும் என்பதையும் அதே அளவீடு காட்டியது. வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் ஊரில், நண்பகலில் பயன்படாத திடலுக்கும் ஒரு விலை உண்டு.

இரண்டாவது வாதம் விளையாட்டுக்காரர்களுடையது. இதில்தான் எனக்கு அதிக உடன்பாடு. புத்தளம் உதைபந்தாட்டப் பித்துப் பிடித்த ஊர். புல்தரை சில மணித்தியால ஆட்டத்தில் களைத்துவிடும். செயற்கைத் திடலில் பகலில் முடியாததை இரவு விளக்கில் ஈடுசெய்து பல கழகங்கள் மாறி மாறி ஆடலாம். 1976 மொன்றியல் ஒலிம்பிக்குக்குப் பின் ஹொக்கிக்கு வேறு தரையே இல்லை என்றாகி, தெற்காசிய ஆட்டக்காரர்கள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். எனவே மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு முறையான திடல்கள் அமைவதை எதிர்ப்பதில் பொருளில்லை. துணிக்கை வெளியேறாதபடி சுற்றிலும் தடுப்புக்கட்டும், வடிகானில் வடிகட்டியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டயர்த் துணிக்கைக்குப் பதிலாகத் தென்னந்தும்பையும் தக்கையையும் நிரப்பும் முறையும் உலகில் உண்டு. தென்னை முக்கோணத்துக்குள், லுணுவிலையில் தென்னை ஆராய்ச்சி நிலையத்தை வைத்துக்கொண்டு, அரைத்த டயரை இறக்குமதி செய்வது வேடிக்கை. விடுதி முன்றிலுக்கும் வீதிச் சுற்றுவட்டத்துக்கும் இந்த விளையாட்டு நியாயம் எதுவும் பொருந்தாது.

பழைய கம்பளங்களைப் பாலாவிச் சீமெந்துச் சூளையில் எரித்துவிடலாமே என்ற யோசனையும் வரும். தொழிற்சாலைக் கழிவுகளை ஏற்று எரிக்கும் சூளைதான் அது. ஆனால் பல தொன் மணலும் இறப்பரும் ஏறிய கம்பளத்தை வெட்டி, உதறி, பிரித்து, லொறியில் ஏற்றிச் சூளை வாசல் வரை கொண்டுசேர்க்கும் செலவை யார் கொடுப்பது? யாரும் கொடுக்காவிட்டால் அது காணிக்குப் பின்னால் கிடக்கும், அல்லது அருவக்காட்டுக்குப் போகும்.

கரையோர முன்றில்களுக்கு மணலே போதும். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் யாரும் நீர் விடாமலேயே இந்த உப்புக் காற்றில் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டுப் பச்சைக் கம்பளம் விரித்து, அதற்கு 'பசுமை விடுதி' என்று பெயர்ப்பலகையும் நாட்டுவது சகிக்கவில்லை. பள்ளி மைதானங்களுக்கு அறுகம்புல் இருக்கிறது. மணலோடு தும்புத்தூளைக் கலந்தால் ஈரம் தங்கும், நீரும் குறைவாகப் போதும். பயிர் வளர்க்க வெளிநாடுகளுக்கு நாம் ஏற்றுமதி செய்யும் அதே தும்புத்தூள்தான்.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடற்கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரையான வலயத்தில் அபிவிருத்தி வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த அனுமதியில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: கம்பளத்தைக் கழற்றும் ஆண்டும் அது போய்ச் சேரும் இடமும் எழுத்தில் இருக்க வேண்டும், அகற்றும் செலவுக்கான வைப்புப்பணத்தை விரிக்கும் முன்பே கட்ட வேண்டும். வலயத்துக்கு வெளியே இதே நிபந்தனைகளைக் கட்டட வரைபடத்தை அங்கீகரிக்கும் பிரதேச சபைகள் விதிக்கலாம். வைப்புப்பணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகும் செயற்கைப் புல்தான் மலிவு என்று தோன்றுகிறவர்கள் தாராளமாக விரிக்கட்டும்.