குடல் நோய்ப் பிரிவில் பெண்கள் எங்கே?

மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். வகுப்புகளில் இன்று ஏறத்தாழ சரிபாதிப் பேர் மாணவியர். ஆனால், இரைப்பை, குடல், கல்லீரல் நோய்ப் பிரிவில் எண்டோஸ்கோபி கருவியைக் கையில் பிடித்திருப்பவர் பெரும்பாலும் ஆண் மருத்துவர்தான். அந்த அறையில் பெண்கள் செவிலியர்களாக இருக்கிறார்கள், நோயாளிகளாக இருக்கிறார்கள். மருத்துவர்களாக இருப்பவர்கள் மிகச் சிலரே. நாடு முழுவதும் நிலவும் இந்த ஏற்றத்தாழ்வு குறித்து மத்திய அரசும் தேசிய மருத்துவ ஆணையமும் போதிய அக்கறை காட்டாதது வியப்பளிக்கிறது.

இது பெண் மருத்துவர்களின் பதவி உயர்வு தொடர்பான பிரச்னை மட்டுமல்ல. தில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி 1916-ல் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்டபோது, ஆண் மருத்துவரிடம் செல்லப் பெண்கள் கூசினார்கள். நூறாண்டு கடந்தும் அந்தக் கூச்சம் குடல் நோய்ப் பிரிவின் வாசலில் அப்படியே இருக்கிறது. மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று எண்ணி மறைத்து வைப்பதும், கொலோனோஸ்கோபி என்றதும் பெண் மருத்துவர் இல்லையா என்று கேட்டுத் திரும்பிவிடுவதும் இன்றும் நடக்கிறது. பெருங்குடல் புற்றுநோயைப் பொருத்தவரை அந்தத் தாமதம், குணப்படுத்தக்கூடிய நோயைக் குணப்படுத்த முடியாததாக்கிவிடும்.

கல்லீரல் நோயிலும் பெண்களின் நிலை தனிக் கவனத்துக்குரியது. 1955-56-ல் யமுனை நீரில் கழிவுநீர் கலந்ததால் தில்லியில் சுமார் 29,000 பேரைத் தாக்கிய மஞ்சள்காமாலை, ஹெபடைடிஸ்-இ வைரஸால் வந்தது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருப்பவர்களுக்கு அந்த நோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ஆண் மருத்துவர்கள் இவற்றைக் கவனிக்கவில்லை என்பதல்ல நமது வாதம். எந்த ஆய்வுக்கு முன்னுரிமை, எந்தப் பிரிவுக்கு நிதி என்று முடிவெடுக்கும் இடத்தில் பெண்களும் இருக்க வேண்டும் என்பதுதான்.

பெண்களுக்கு இந்தத் துறையில் ஆர்வமில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, டி.எம். மூன்று ஆண்டு. தடங்கலே இல்லாமல் படித்தாலும் முப்பது வயதை நெருங்கிவிடும். திருமணமும் மகப்பேறும் வரும் அதே ஆண்டுகளில், நள்ளிரவில் ரத்த வாந்தியுடன் வரும் நோயாளிக்கு எண்டோஸ்கோபி செய்ய ஓடிவர வேண்டிய துறை இது. ஆர்வமின்மை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, பணிச்சூழல் குறித்த நியாயமான அச்சம்தான்.

அந்தப் பணிச்சூழலுக்கு விதிகள் இல்லாமலில்லை. பயிற்சி மருத்துவர்களின் தொடர் பணி வழக்கமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒருநாள் ஓய்வு தர வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே அறிவுறுத்தியது. தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் கொண்டுவந்த முதுநிலைப் படிப்பு விதிமுறைகளோ, "நியாயமான" பணி நேரம் என்பதோடு நின்றுவிட்டன. எது நியாயம் என்பதைத் துறைத் தலைவர்தான் தீர்மானிப்பார். முப்பதாண்டுகளில் எண் மறைந்து அடைமொழி மட்டும் எஞ்சியிருப்பதை முன்னேற்றம் என்று எப்படி ஏற்பது?

கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் பணியிலிருந்த பெண் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட பிறகுதான், 36 மணி நேரப் பணியும் ஓய்வறை இல்லாத அவலமும் உச்ச நீதிமன்றத்தில் விவாதிக்கப்பட்டன. நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழுவில் குடல் நோய் வல்லுநர் டி. நாகேஸ்வர ரெட்டியும், அத்துறையின் அறுவைச் சிகிச்சை நிபுணர் சௌமித்ர ராவத்தும் இடம்பெற்றனர். இரவுப் பணி தவிர்க்க முடியாத இத்துறையின் மூத்தவர்களே, தத்தம் துறையில் மாற்றத்தைத் தொடங்கி வைக்கலாம்.

வேறு சில தடைகளை நீக்குவது எளிது. பித்தநாளக் கற்களை அகற்றும் இ.ஆர்.சி.பி. சிகிச்சை எக்ஸ்ரே உதவியுடன் செய்யப்படுவது. கருவுற்றிருக்கும் பணியாளரின் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு படக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வகுத்துள்ளது. பணியை மாற்றியமைத்து, அந்தப் பயிற்சியைப் பின்னர் அளித்தால் போதும். அதற்காக இத்துறையே வேண்டாம் என்று மாணவிக்கு அறிவுரை கூறுவது அக்கறையாகாது. எண்டோஸ்கோபியின் கைப்பிடியும் சக்கரங்களும் பெரிய கைகளுக்கேற்ப வடிவமைக்கப்பட்டவை. சிறிய கைகளுக்குப் பொருந்தும் கருவியைக் கேட்பது சலுகை அல்ல.

வாய்ப்பும் சூழலும் அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூர் சாட்சி. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இரைப்பை, குடல் அறிவியல் பிரிவில் ரோட்டா வைரஸ் குறித்து ஆய்வு செய்த ககன்தீப் காங், 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவர் நுண்ணுயிரியல் அறிஞர். எண்டோஸ்கோபி அறைக்குள்ளும் அத்தகைய பெயர்கள் பல எழ வேண்டும்.

டி.எம். இடங்களில் சேர்ந்தவர்கள், படிப்பை முடித்தவர்கள், பேராசிரியர்கள், துறைத் தலைவர்கள் ஆகியோரில் பெண்கள் எத்தனை பேர் என்பதைக் கல்லூரி வாரியாக, துறை வாரியாக ஆண்டுதோறும் ஆணையம் வெளியிட வேண்டும். 12 மணி நேர வரம்பை விதிமுறையில் சேர்த்து, மீறும் துறைகளின் பயிற்சி இடங்களைக் குறைக்கவும் தயங்கக் கூடாது. அடுத்த மாணவர் சேர்க்கைக்கு முன்பே இவ்விரண்டையும் செய்ய முடியும். இதற்குப் புதிய சட்டமோ, கூடுதல் நிதியோ தேவையில்லை.